இங்கிலாந்தில் ரயிலை நம்பி வாழும் ஒரு சிறு கிராமத்தில் குடும்பத்தோடு குடியிருக்க முடியுமா?

ரெடிங் நகரில் வேலை கிடைத்திருக்கிறது, வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் போக வேண்டும், மனைவியும் நான்கு வயது மகளும் உடன் வருகிறார்கள், நகரத்து வாடகையைப் பார்த்தபின் அருகிலுள்ள கிராமம் ஒன்றில் வீடு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம் என்பதே என் பதில். ஆனால் வீட்டையும் தோட்டத்தையும் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் ஊரில் இல்லாத பத்து மணி நேரத்தில் உங்கள் மனைவியும் மகளும் எங்கே போவார்கள், எதில் போவார்கள், யாரைப் பார்ப்பார்கள் என்பதை முதலில் யோசித்துவிடுங்கள்.

நாங்கள் ஏழு ஆண்டுகளாகக் குடியிருப்பது ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் தென்பகுதியில், தேம்ஸ் நதியின் மேற்குக் கரையை ஒட்டிய சோல்ஸி என்னும் கிராமத்தில். ரெடிங்குக்கு ரயிலில் ஏறத்தாழ இருபது நிமிடம். லண்டனின் பேடிங்டன் நிலையத்துக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். 1840-இல் பொறியாளர் புரூனெல் அமைத்த கிரேட் வெஸ்டர்ன் ரயில் பாதை இவ்வழியே வந்தபோது நிலையம் ஊரைவிட்டுத் தள்ளி, பக்கத்து நகரத்தின் பெயரால் ‘வாலிங்ஃபோர்ட் ரோடு’ என்றே அழைக்கப்பட்டது. 1892-இல் இரண்டு தடங்கள் நான்காக விரிவாக்கப்பட்டபோதுதான் அது ஊருக்கு அருகே இடம் மாறியது. அந்த நான்கில் இரண்டு விரைவு வண்டிகளுக்கானவை. பிரிஸ்டல் வண்டிகள் நிற்காமல் கடந்து போகும், மற்றத் தடங்களில் வருபவைதான் நமக்காக நிற்கும். ஆகவே வரைபடத்தில் ஒரு கிராமம் முதன்மைப் பாதையில் இருப்பதை மட்டும் பார்த்து மயங்காமல், அங்கே மணிக்கு எத்தனை வண்டி நிற்கிறது, இரவில் கடைசி வண்டி எப்போது என்பதைக் கால அட்டவணையில் பாருங்கள்.

முதல் ஆண்டு நான் தினமும் லண்டன் போய்வந்தேன். டிசம்பரில் இங்கே எட்டு மணிக்குப் பின்தான் விடிகிறது, மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. இருட்டில் நிலையத்துக்கு நடந்தேன், இருட்டிலேயே திரும்பினேன். ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நடைமேடையும் வீட்டுக்குப் போகும் தெருவும்தான். மகள் பிறந்தபின் சில மாதம் விடுப்பில் இருந்தபோதுதான், நான் வசிப்பதாக நினைத்துக்கொண்டிருந்த ஊர் பகலில் வேறாக இருந்ததைக் கண்டேன். கைக்குழந்தைகளோடு வருபவர்களுக்கு மண்டபத்தில் ஒரு காலைக் கூட்டம், முதியவர்களுக்கு ஒரு மதிய உணவு, விளையாட்டுத் திடலில் பயிற்சி. இவற்றில் பெரும்பாலானவற்றைச் சம்பளம் வாங்காத மனிதர்கள் நடத்துகிறார்கள். வீட்டுத் தரகர்களின் விளம்பரத்தில் வசதிகள் என்ற தலைப்பில் இவை வருவதே இல்லை. எங்களுக்கு இந்த ஊரில் வேர் பிடித்தது இவற்றால்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

கடைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பால், ரொட்டி, காய்கறி, அவசரத்துக்கு வேண்டியவை ஊருக்குள் கிடைக்கும். மற்றவற்றுக்கு வாலிங்ஃபோர்ட் அல்லது டிட்காட், நம் மளிகைக்கு ரெடிங். 1994-ஆம் ஆண்டு ஞாயிறு வணிகச் சட்டப்படி 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் மட்டுமே திறக்கலாம். சிறு கடைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் ஞாயிறு மாலை நகரத்துப் பேரங்காடி மூடிய பிறகும் கிராமத்துக் கடை திறந்திருக்கும் என்பது வந்த புதிதில் எங்களுக்கு வியப்பாக இருந்தது.

பயணம்தான் உண்மையான சிக்கல், அதுவும் உங்களைவிட உங்கள் மனைவிக்கு. இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு இங்கே குடியேறிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் கார் ஓட்டலாம். அதன்பின் அதை மாற்றிக்கொள்ள வழியில்லை, எழுத்துத் தேர்விலும் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்விலும் தேறியாக வேண்டும். தேர்வு நாள் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், வந்த முதல் வாரத்திலேயே ஓட்டப் பழகுபவர்களுக்கான தற்காலிக உரிமத்துக்கு இருவரும் விண்ணப்பித்துவிடுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. என் மனைவி ஒன்றரை ஆண்டுக் காலம் பேருந்தின் நேரத்துக்குத் தன் நாளை வளைத்துக்கொண்டு வாழ்ந்தார். மருத்துவரைப் பார்க்கப் போனாலும், நூலகத்துக்குப் போனாலும், திரும்பும் பேருந்தைத் தவறவிடக் கூடாது என்ற எண்ணமே முன்னால் நின்றது. நான் காலையில் வசதியாக ரயிலேறிப் போனேன். அந்தத் தனிமையை நான் மிகத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். இங்கிலாந்தில் 2023-இல் இரண்டு பவுண்டு என்று வைத்த பேருந்துக் கட்டண உச்சவரம்பு 2025-இல் மூன்று பவுண்டானது. கட்டணம் பெரிய சுமையல்ல, எத்தனை மணிக்கு எந்தப் பேருந்து என்பதுதான் கேள்வி.

அடுத்தது மகளின் பள்ளி. சோல்ஸியில் தொடக்கப்பள்ளி இருக்கிறது. மேல்நிலைக்கு வாலிங்ஃபோர்ட் போக வேண்டும். நான்கு வயது முடிந்து வரும் செப்டம்பரில் பிள்ளைகள் ரிசப்ஷன் என்னும் பள்ளியின் தொடக்க வகுப்பில் சேர்கிறார்கள். அதற்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் அந்த ஆண்டு ஜனவரி 15. அந்தத் தேதி தாண்டியோ ஆண்டின் நடுவிலோ வந்தால் இடம் காலியாக இருக்க வேண்டும். ஓர் ஆசிரியருக்கு முப்பது பிள்ளைகள் என்ற வரம்பு முதல் மூன்று வகுப்புகளுக்குச் சட்டமாகவே இருக்கிறது. ஒரே பிரிவு உள்ள கிராமத்துப் பள்ளியில் முப்பது நிரம்பிவிட்டால், பள்ளி உங்கள் வீட்டெதிரே இருந்தாலும் மகள் வேறு ஊருக்குப் போக நேரலாம். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே கவுண்டி கவுன்சிலிடம் கேட்டுவிடுங்கள்.

இங்கே மூன்று அடுக்கு நிர்வாகம் இருக்கிறது. பள்ளியும் சாலையும் கவுண்டியிடம், குப்பை அள்ளுவது மாவட்டத்திடம், அடிமட்டத்தில் நம் ஊராட்சி போன்ற பாரிஷ் கவுன்சில். நாம் கட்டும் கவுன்சில் வரியில் மூன்றுக்கும் பங்கு உண்டு. பாரிஷ் கூட்டங்களைப் பொதுமக்கள் உட்கார்ந்து கேட்கலாம். ஒரு முறையாவது போங்கள். ஊரை அறிய அதைவிடக் குறுக்கு வழி இல்லை.

ரயில் கட்டணத்திலும் கவனம் வேண்டும். 2021-இல் வந்த ஃபிளெக்சி சீசன் டிக்கெட் 28 நாளில் 8 நாள் பயணத்துக்கானது, அதாவது வாரத்துக்கு இரண்டு நாள் போகிறவர்களுக்குக் கச்சிதம். உங்களுக்கு மூன்று நாள் என்றால் நான்கு வாரத்தில் 12 நாள் ஆகிறது. ஆண்டுச் சீசன் டிக்கெட்டின் விலை வாரச் சீசனின் 40 மடங்கு என்ற கணக்கில் அமைகிறது. இவற்றையும் அன்றாடச் சீட்டு விலையையும் தாளில் போட்டுப் பார்த்து, அதை நகரத்துக்கும் கிராமத்துக்கும் உள்ள வாடகை வேறுபாட்டிலிருந்து கழித்தால்தான் உண்மையான மிச்சம் தெரியும். சில சமயம் அது நினைத்ததைவிடச் சிறியதாக இருக்கும்.

அப்படியிருந்தும் நாங்கள் ஏன் இங்கேயே இருக்கிறோம் என்று நீங்கள் கேட்கக்கூடும். இங்கிலாந்தில் வயல்களின் ஊடே செல்லும் ஒற்றையடிப் பாதைகளில் பல, நிலம் யாருடையதானாலும் எவரும் நடக்கச் சட்டப்படி உரிமையுள்ள பொதுவழிகள். எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினால் அப்படியொரு வழியில் தேம்ஸ் கரைக்குப் போய்விடலாம். கரையோரம் தெற்கே போனால் மோல்ஸ்ஃபோர்டில் நதியைச் சாய்வாகக் கடக்கும் புரூனெலின் செங்கல் வளைவுப் பாலம். மகளோடு அதன் அருகே நின்று, வாரம் முழுவதும் நான் பயணம் செய்யும் அதே வண்டிகள் தலைக்கு மேலே போவதைப் பார்ப்பது சனிக்கிழமைகளில் எங்கள் வழக்கம். இந்த நடைக்கு ஒரு பென்னிகூடச் செலவில்லை.

சோல்ஸிக்கே வருவதானால் வீடு எந்தப் பக்கம் என்று பாருங்கள். 1870-இல் திறந்து 2003-இல் மூடப்பட்ட ஃபேர்மைல் மனநல மருத்துவமனை வளாகம் இப்போது அழகான குடியிருப்பாகிவிட்டது, ஆனால் அங்கிருந்து நிலையம் நல்ல நடைதூரம். எந்த ஊரானாலும் ஜூன் மாதச் சனிக்கிழமையில் வீடு பார்க்க வராதீர்கள். நவம்பரில் ஒரு வேலைநாள், மாலை ஐந்தரை மணி வண்டியில் குடும்பத்தோடு வந்திறங்கி, கையில் டார்ச் விளக்கோடு நிலையத்திலிருந்து அந்த வீட்டு வாசல்வரை நடந்து பாருங்கள். வழியில் தெருவிளக்கு எங்கே முடிகிறது, நடைபாதை எங்கே முடிகிறது என்பதை உங்கள் மனைவியும் பார்க்கட்டும்.