கேள்வி-பதில்: ஆபீஸ் இன்சூரன்ஸ் இருக்கும்போது தனி பாலிசி எதற்கு?

கேள்வி: ஓசூரில் தனியார் கம்பெனி வேலை. அடிப்படைச் சம்பளம் 32,000 ரூபாய். ஆபீஸில் 20 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு இருக்கிறதாம். மனைவி கர்ப்பமாக இருக்கிறார், வீட்டுக் கடனும் உண்டு. தனியாக டெர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுக்க வேண்டுமா?

பதில்: எடுக்கத்தான் வேண்டும். அதற்கு முன், அந்த 20 லட்சத்தில் எதெல்லாம் அடக்கம் என்று எச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள். பி.எஃப். பிடிக்கப்படுபவர்களுக்கு ஈ.டி.எல்.ஐ. என்ற ஆயுள் காப்பீடு சட்டப்படியே உண்டு. அதற்கு உங்கள் சம்பளத்தில் பிடித்தம் இல்லை, முதலாளிதான் கட்டுகிறார். கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தை 35-ஆல் பெருக்குவார்கள். 32,000 வாங்கினாலும் 15,000 வரைதான் கணக்கு, ஆக 5,25,000. அதோடு பி.எஃப். இருப்பின் சராசரியில் பாதி, அதிகபட்சம் 1,75,000. மொத்தம் 7 லட்சத்தைத் தாண்டாது. சில கம்பெனிகள் ஈ.டி.எல்.ஐ.க்குப் பதிலாகவே, ஊழியர்களுக்கு மொத்தமாகச் சேர்த்து ஒரு குரூப் பாலிசி எடுத்திருக்கும். அப்படியென்றால் இந்த 7 லட்சம் அந்த 20-க்குள்ளேயே இருக்கலாம்; 27 என்று கூட்டி வைத்துக்கொள்ளாதீர்கள்.

குரூப் கவர் கம்பெனி குவார்ட்டர்ஸ் மாதிரி. வேலையை விடும் நாளில் சாவியையும் கொடுத்துவிட வேண்டும். 45 வயதில் சர்க்கரையோடு புது பாலிசி கேட்டால் பிரீமியம் எகிறும், மறுத்துவிடவும் கூடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. கடன் இருப்பதால், விண்ணப்பத்தில் 1874-ஆம் ஆண்டு திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். கடன் கொடுத்தவர்கள் அந்தத் தொகையில் கை வைக்க முடியாது. பாலிசி வந்த பிறகு இதைச் சேர்க்க வழியில்லை. ஏஜென்டுகள் பெரும்பாலும் இதைச் சொல்வதே இல்லை.

கேள்வி: கல்யாணத்துக்கு முன்பு பி.எஃப்.-இல் நாமினியாக அம்மா பெயரைக் கொடுத்திருந்தேன். அது போதாதா?

பதில்: கல்யாணம் ஆனதுமே அந்த நாமினேஷன் செல்லாது. பி.எஃப். மெம்பர் போர்ட்டலில் 'மேனேஜ்' மெனுவில் இ-நாமினேஷனைத் திறந்து, குடும்பத்தினரின் போட்டோ, ஆதார், பங்கு சதவீதம் போட்டு சேவ் செய்யுங்கள். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆதார் ஓ.டி.பி.யால் இ-சைன் போடும் வரை அது வெறும் நிலுவைதான். இன்னொரு தொல்லை நம் இனிஷியல்: பி.எஃப்.-இல் 'கே. செல்வம்', ஆதாரில் 'செல்வம் கருப்பையா' என்று இருந்தால் க்ளெய்ம் நேரத்தில் குடும்பம்தான் அலையும். உயிரோடு இருக்கும்போதே திருத்துங்கள். கிராஜுவிட்டிக்கும் குரூப் பாலிசிக்கும் நாமினேஷன் தனித்தனி.

கேள்வி: மனைவியும் வேலைக்குப் போகிறார். பிரசவ நேரத்தில் ஆபீஸில் என்னென்ன கேட்கலாம்?

பதில்: பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம். இரண்டு குழந்தைகள் இருப்பவருக்கு அடுத்த பிரசவத்தில் 12 வாரம்தான். 50 பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி கட்டாயம். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். தனியார் துறையில் அப்பாவுக்கான விடுப்பு கம்பெனியின் விருப்பம்.

குரூப் மெடிக்கல் பாலிசியில் குழந்தையைச் சேர்க்கக் கெடு பெரும்பாலும் பிறந்ததிலிருந்து 30 நாள். பெயர் வைக்கட்டும் என்று காத்திருந்தால் தவறிவிடும், பிறகு அடுத்த புதுப்பித்தல் வரை வழியில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பேபி ஆஃப்' என்று தாய் பெயரோடு இருக்கும். அதை வைத்தே விண்ணப்பித்துவிட்டு, பெயரைப் பின்னால் மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவின் ஆயுள் பாலிசி நான்கு வருடம் பழையது. நோயை மறைத்ததாகச் சொல்லி க்ளெய்மை நிராகரித்துவிட்டார்கள். என்ன செய்வது?

பதில்: காப்பீட்டுச் சட்டம் 45-ஆவது பிரிவின்படி 3 ஆண்டு கடந்த ஆயுள் பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் கேள்வி கேட்க முடியாது. அதைச் சுட்டிக்காட்டி கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம். 50 லட்சம் வரை விசாரிப்பார்கள், கட்டணம் இல்லை, ஓராண்டுக்குள் போக வேண்டும். முதலில் ஒன்றைப் பாருங்கள்: பாலிசி இடையில் காலாவதியாகிப் புதுப்பிக்கப்பட்டிருந்தால் அந்த 3 ஆண்டு, புதுப்பித்த தேதியிலிருந்துதான் தொடங்கும்.