மறைமுகச் சார்புச் சோதனை: மதிப்பெண்ணை விட்டு முடிவுகளைப் பாருங்கள்

சிகாகோவில் ஆளெடுக்கும் பொறுப்பில் இருக்கிறீர்கள். நாம் அறியாமலே மனதில் இருக்கும் சார்பை அளக்க முயலும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தளத்துச் சோதனை, உங்களிடம் கறுப்பினத்தவருக்கு எதிரான சார்பு இருப்பதாகக் காட்டியதில் கலங்கியிருக்கிறீர்கள். மறுபடி செய்தால் அந்த மதிப்பெண் மாறக்கூடும். உங்கள் தேர்வுகளைத்தான் சோதிக்க வேண்டும்.

சிகாகோ, பாஸ்டனில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், ஒரேமாதிரி ரெஸ்யூமேக்களில் வெள்ளையர் பெயர் இருந்தவற்றுக்குச் சுமார் 50 சதவீதம் அதிக அழைப்புகள் வந்தன. ஆகவே பெயர், முகவரி, படம் மூன்றையும் வேறொருவரை விட்டு மறைக்கச் சொல்லுங்கள். மதிப்பெண் அளவுகோலை ரெஸ்யூமே திறக்கும் முன்பே எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் பிடித்தவருக்கேற்ப வளைந்துவிடும். நேர்காணலில் எல்லாருக்கும் ஒரே கேள்விகள், ஒவ்வொரு பதிலுக்கும் உடனே மதிப்பெண். "நம்ம டீமுக்கு ஒத்துவரமாட்டார்" என்பதைக் காரணமாக ஏற்கவே ஏற்காதீர்கள், சார்பு அங்கேதான் எளிதில் நுழையும்.

கறுப்பினச் சக ஊழியரிடம் விளக்கம் கேட்டுச் சுமையேற்ற வேண்டாம். 1905இல் தொடங்கிய கறுப்பினத்தவர் செய்தித்தாளான சிகாகோ டிஃபெண்டர் இப்போது இணையத்தில் வருகிறது, தொடர்ந்து படியுங்கள்.