சொல்லாமலே காப்பாற்ற முடியுமா, டாக்டர்?

(இந்த இதழில் வாசகர்களுக்குத் தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவரின் பதில்கள்)

எனக்கு வயது 31. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கல்யாணத்துக்கு முன், நாலு வருஷத்துக்கு முன்னால், ஆணுறுப்பில் கொத்தாக நீர்க்கொப்புளம் வந்தது. டாக்டர் 'ஹெர்பிஸ்' என்று சொல்லி ஒரு வாரம் மாத்திரை கொடுத்தார். அதிலிருந்து வருஷத்துக்கு நாலைந்து தடவை வந்து போகிறது. வருவதற்கு முதல் நாளே தொடை இடுக்கில் சுருக் சுருக்கென்று குத்தும். திருமணமாகி இரண்டு வருஷம் ஆகிறது, மனைவிக்கு இதுவரை ஒன்றும் இல்லை. புண் இருக்கும் நாட்களில் 'நைட் ஷிப்ட்' என்று சொல்லிவிடுவேன். இப்போது குழந்தை வேண்டும் என்கிறாள். அவளிடம் சொல்லாமலே அவளுக்கு ஒட்டாமல் பார்த்துக்கொள்ள முடியுமா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த நைட் ஷிப்ட் பொய்க்குப் பின்னால் இருப்பது மனைவிமேல் உள்ள அக்கறைதான் என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் நீங்கள் கேட்டதற்கு என் பதில், முடியாது என்பதுதான். அறவுரையாக இதைச் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது.

கொப்புளம் இருக்கும்போது மட்டும்தான் ஒட்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். அந்த நாட்களில் விலகி இருந்தது மிகச் சரி. ஆனால் இந்தக் கிருமி முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சில் படுத்திருந்து, அவ்வப்போது நரம்பு வழியாகத் தோலுக்கு வந்து போகும். வரும்போதெல்லாம் கொப்புளம் போடாது. உங்களைப் போல அடிக்கடி வருபவர்களைத் தினமும் பஞ்சுக்குச்சியால் தொட்டுச் சோதித்துப் பார்த்ததில், சராசரியாக ஐந்து நாளில் ஒரு நாள் தோலில் கிருமி இருந்தது. அதில் பல நாட்கள் பார்வைக்குத் தோல் சுத்தமாகத்தான் இருந்தது. தெரியாத அந்த நாட்களுக்கு ஷிப்ட் பொய் உதவாது. அவளும் சேர்ந்து முடிவெடுத்தால்தான் காவல் முழுமையாகும்.

2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வை என் ஓ.பி.யில் பலருக்கும் சொல்வேன். துணையிடமிருந்து புதிதாகத் தொற்று வந்தவர்களிடம், உறவு தொடங்கி எத்தனை நாளில் வந்தது என்று கணக்கெடுத்தார்கள். தனக்கு இருப்பதைத் துணை முன்கூட்டியே சொல்லியிருந்தால், தொற்ற ஆன நாட்களின் நடுமதிப்பு 270. சொல்லாமல் இருந்தால் 60.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தொடை இடுக்கில் சுருக்கென்று குத்தும் அந்த நிமிஷத்திலிருந்து உறவு வேண்டாம், வாய் வழியாகவும் வேண்டாம். பொருக்கு தானாக உதிர்ந்து, அடியில் புதுத்தோல் மூடும்வரை அப்படியே இருங்கள். பொருக்கு கட்டியதுமே ஆறிவிட்டது என்று நினைப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அந்த நாட்களில் ஷேவிங் வேண்டாம், பிளேடு போடும் கண்ணுக்குத் தெரியாத கீறலே கிருமிக்கு வாசல். டெட்டால் ஊற்றிக் கழுவாதீர்கள், வெந்து போகும். மெடிக்கலில் 'படைக்கு' என்று தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தொடவே தொடாதீர்கள். துண்டு, கழிப்பறை, சாப்பாட்டுத் தட்டு வழியாகவெல்லாம் பரவாது. அந்தப் பயத்தில் நீங்கள் தனிச் சோப்பு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

மற்ற நாட்களில் ஆணுறை. என் மேஜையில் இருக்கும் சீட்டின் பின்பக்கம் ஒரு ஜட்டி படம் வரைந்து காட்டுவேன். ஜட்டி மறைக்கும் இடம் முழுக்கக் கிருமி வரக்கூடிய இடம், ஆணுறை மூடுவதோ நடுவில் ஒரு பட்டை. அதனால் அது ஆபத்தை நன்றாகக் குறைக்கும், ஒழித்துவிடாது. ஆணிடமிருந்து பெண்ணுக்குத்தான் இது எளிதாக ஒட்டும் என்பதால் உங்கள் வீட்டில் அதன் பலன் கூடுதல்.

மூன்றாவது, தினசரி மாத்திரை. கொப்புளம் வரும்போது ஒரு வாரம் சாப்பிடுவது வேறு, துணைக்குத் தொற்றாமலிருக்க நாள்தோறும் சாப்பிடுவது வேறு. வாலாசைக்ளோவிர் 500 மி.கி., தினம் ஒன்று. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 1,484 ஜோடிகளை எட்டு மாதம் கவனித்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 741 பேரின் துணைகளில் 27 பேருக்குத் தொற்றியது, மருந்து சாப்பிட்ட 743 பேரின் துணைகளில் 14 பேருக்கு. ஏறத்தாழப் பாதி. அந்த 27-ஐயும் கவனியுங்கள்: எல்லோருக்கும் ஆணுறையும் ஆலோசனையும் தந்திருந்ததால், மருந்தில்லாமலே நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவாகத்தான் தொற்றியது. உங்களுக்குச் சிறுநீரகக் கோளாறு ஏதும் இருந்தால் அளவு மாறும், டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

குழந்தை விஷயம்தான் இதில் மிகவும் முக்கியம். முதலில் உங்கள் மனைவிக்கு ஹெச்.எஸ்.வி.-2 ஐஜிஜி ரத்தப் பரிசோதனை, அதாவது ஹெர்பிஸ் கிருமியின் இரண்டாம் வகைக்கு எதிர்ப்புச் சக்தி உடம்பில் உண்டாகியிருக்கிறதா என்று பார்ப்பது. அவருக்கு ஏற்கெனவே அறிகுறி இல்லாமல் தொற்றியிருந்தால், உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கும். அப்படிப்பட்ட தாயிடமிருந்து பிரசவத்தில் குழந்தைக்குப் போவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இதுவரை இல்லாமல், பிரசவம் நெருங்கும் மாதங்களில் புதிதாகத் தொற்றினால் அது நூற்றுக்கு 30 முதல் 50 வரை எகிறும். பச்சிளம் குழந்தைக்கு இது உயிருக்கே ஆபத்து. ஆகவே இப்போதே நீங்கள் தினசரி மாத்திரையைத் தொடங்கி, கரு நிற்கக்கூடிய நாட்களில், எந்தக் குத்தலும் இல்லாதபோது மட்டும் ஆணுறை இல்லாமல் சேருங்கள். கர்ப்பம் உறுதியானதும் ஆணுறை. ஏழாம் மாதத்திலிருந்து உறவே வேண்டாம் என்பேன். மகப்பேறு டாக்டரிடம் முதல் விசிட்டிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

போன வருஷம் உங்களைப் போல ஒருவர் மனைவியை அழைத்து வந்தார். 'நீங்களே சொல்லுங்க டாக்டர்' என்று தலை குனிந்துகொண்டார். நான் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடியபடி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, 'நோவு வந்துட்டுப் போகுது டாக்டர். ரெண்டு வருஷமா நான் வெளியாள் மாதிரி இருந்திருக்கேனே, அதுதான் தாங்கல' என்றார். அடுத்த மாதம் இருவரும் சேர்ந்துதான் வந்தார்கள். மாத்திரைக் கணக்கை அந்தப் பெண்தான் வைத்திருந்தார்.

வெளியில் டாக்டருக்குச் செலவழிக்க முடியாவிட்டால், அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கான 'சுகவாழ்வு மையம்' இருக்கும். இருவரும் போகலாம், பெயர் வெளியே போகாது. சந்தேகம் கேட்க 1097 என்ற உதவி எண்ணுக்குப் பேசினால் கட்டணம் இல்லை.

கல்யாணமாகிப் பதினாலு வருஷம். போன மாதம் முதல் முறையாக எனக்கு அந்த இடத்தில் கொப்புளம். ஹெர்பிஸ் என்கிறார்கள். நான் யாரிடமும் தப்பாகப் போனதில்லை. அவரும் சத்தியம் செய்கிறார். வீட்டில் இருவரும் பேச்சில்லை.
- வாசகி, மதுரை

அம்மா, கொப்புளம் வந்த தேதி, கிருமி வந்த தேதி அல்ல. இது உடம்பில் வருஷக்கணக்காகச் சத்தமின்றி இருந்து, ஒரு காய்ச்சலிலோ உடம்பு தளர்ந்தபோதோ முதல் முறையாக வெளியே தெரியலாம். இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பதே தெரியாது. மேலும் இதில் இரண்டு வகை உண்டு. உதட்டோரம் கொப்புளம் போடும் முதல் வகை, உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 380 கோடிப் பேருக்கு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பலருக்குச் சிறு வயதில் ஒரு முத்தத்தில் வந்தது. வாய் வழி உறவில் அது கீழேயும் தொற்றும்.

எந்த வகை என்று அறிய, அடுத்த முறை கொப்புளம் உடையும் முன் ஓரிரு நாளுக்குள் அதிலிருந்தே நீர் எடுத்து பி.சி.ஆர். பரிசோதனை செய்யுங்கள். 'ஐஜிஎம்' என்ற ரத்தப் பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம், அது புதிய தொற்றா பழையதா என்று பிரித்துச் சொல்லாது. யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்லும் பரிசோதனை எதுவும் கிடையாது. அதனால் அந்த விசாரணையை நிறுத்திவிட்டு, இந்தப் பக்கத்தை அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

என் கணவருக்கு விலாவில் வரிசையாகக் கொப்புளம், எரிச்சல். டாக்டர் 'ஹெர்பிஸ்' என்று எழுதியிருக்கிறார். மாமியார் வேளாரிடம் அக்கி எழுதப் போகலாம் என்கிறார். எனக்கும் ஒட்டுமா? பக்கத்தில் படுக்கவே பயமாக இருக்கிறது.
- வாசகி, கும்பகோணம்

அக்கி வேறு. சீட்டில் 'ஹெர்பிஸ் ஸோஸ்டர்' என்று இருக்கும், பாருங்கள். அது முன்பு வந்த சின்னம்மைக் கிருமி மறுபடி தலைதூக்குவது. பெயரில் பாதி ஒன்றாக இருப்பதால் எத்தனையோ வீடுகளில் வீண் சண்டை. இது உறவால் வருவதில்லை. சின்னம்மை வராதவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் மட்டும் புண் காயும்வரை அதைத் தொடாமல் இருக்கட்டும்.

வேளார் காவியைக் குழைத்துச் சிங்கம் எழுதுவது மாமியாருக்கு நிம்மதி தரும் என்றால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் உடைந்த கொப்புளத்தின்மேல் மண் படக்கூடாது. மாத்திரையைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். அதனால்தான் உங்கள் கடிதம் வந்த அன்றே தனியாகப் பதில் அனுப்பினேன். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.