ஆயர் ஈத்தாம் வீட்டுக்கு ஏற்ற தைல மரம் எது?

வணக்கம். ஊட்டித் தைல மர விதைகள் மலேசியாவின் பினாங்கிலுள்ள ஆயர் ஈத்தாமில் முளைத்த சில வாரங்களில் வாடிவிடுவதாகவும், அதற்குப் பதிலாக வண்ணப் பட்டை யூக்கலிப்டஸை வரிசை வீட்டின் பின்புறம் நடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

ஊட்டியில் நிற்கும் குளோபுலஸ் என்னும் யூக்கலிப்டஸ் இனம், தாஸ்மேனியாவையும் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவையும் தாயகமாகக் கொண்டது. குளிருக்குப் பழகிய அதற்குப் பினாங்கின் இரவுகூட வெப்பமானதே என்பதால், உங்கள் பராமரிப்பில் குறை தேட வேண்டியதில்லை. வண்ணப் பட்டை மரமான டெக்ளுப்டாவோ மிண்டானாவ், சுலாவெசி, நியூ கினி ஆகிய தீவுகளின் ஈரமான தாழ்நிலக் காடுகளில், பெரும்பாலும் ஆற்றோர வண்டலில் வளர்வது. ஆகவே நம் மழையும் வெயிலும் அதற்கு ஒத்துவரும். புறப்பட்டை கீற்றுகளாக உரிந்ததும் தெரியும் பச்சை நிறம், நாளடைவில் நீலம், ஊதா, செம்பழுப்பு என மாறுவது கண்கொள்ளாக் காட்சிதான். ஆயினும், 60 மீட்டருக்கு மேலும் உயரக்கூடிய, இளமையில் மிக விரைந்து வளரும் மரத்தை வரிசை வீட்டுக்குப் பின்னால் நடுவதற்கு நான் உடன்படமாட்டேன். தைலத்துக்கும் அது உதவாது: இலையில் எண்ணெய் மிகக் குறைவு, காகிதக் கூழுக்கே பெரிதும் வளர்க்கப்படுகிறது.

மணம்தான் நோக்கம் என்றால், குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்த எலுமிச்சை மணம் கொண்ட சிட்ரியோடோரா என்னும் தைல மரத்தை, நீர் தேங்காத மண்ணிட்ட பெரிய தொட்டியில், நல்ல வெயிலில் வைத்து, அடிக்கடி கவாத்து செய்து வளர்த்துப் பாருங்கள்.