ஷிப்ட் மாறினால் தியானமும் நின்றுவிடுகிறதே, டாக்டர்?

கேள்வி: வயது 46. நெய்வேலியில் மூன்று ஷிப்ட் வேலை. காலை 5 மணிக்கு அரை மணி நேரம் தியானம் என்று ஆரம்பிப்பேன். ஷிப்ட் மாறியதும் விட்டுப்போகும். உட்கார்ந்தாலும் தூக்கம்தான் வருகிறது. வடலூர் ஞானசபைக்குப் போகும் நாளில் மட்டும் மனம் ஒன்றுகிறது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். தியானம் பழகிவிட்டால் அதை நிறுத்தலாமா?
– வாசகர், குறிஞ்சிப்பாடி, கடலூர் மாவட்டம்

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. தியானத்தால் பிரஷர் கொஞ்சம் குறையலாம். அளவைக் குறைப்பதா என்பதை ரீடிங் பார்த்து உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சரி, பழக்கத்துக்கு வருவோம். ஒரு வாரம் 5 மணிக்கு வீட்டில் எழுகிறீர்கள், இன்னொரு வாரம் அதே 5 மணிக்கு டூட்டியில் நிற்கிறீர்கள். அப்புறம் 5 மணி எப்படிப் பழகும்? கடிகாரத்தை விடுங்கள். பகலோ ராத்திரியோ, எப்போது எழுந்தாலும் பல் தேய்த்து முகம் கழுவத்தானே போகிறீர்கள்? முகம் துடைத்த துண்டைக் கொடியில் போட்ட கையோடு நாற்காலியில் உட்காருங்கள். காபி அதற்கப்புறம். சம்மணம் போட்டே ஆக வேண்டும் என்றில்லை. 5 நிமிடம் போதும். அரை மணி ஆசை இப்போது வேண்டாம். மூச்சு மூக்கில் போய்வருவதை மட்டும் கவனியுங்கள். சிலிண்டர் புக் பண்ணினோமா என்று மனம் ஓடும். ஓடியது தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்புங்கள். அப்படித் திரும்புவதுதான் பயிற்சியே.

ஒரு மண்டலம், 48 நாள் என்பது நம் ஊர்க் கணக்கு. லண்டனில் நடந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், புதுப் பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது; ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. நடுவில் ஒருநாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. எனவே ஒருநாள் விட்டால் 'போச்சு' என்று முதலிலிருந்து எண்ணாதீர்கள்.

வடலூர் போவதை வீக்லி ஆஃபுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கிடைக்கும் அமைதி பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்துக்கு நடுவே கிடைக்காது. கிடைக்கவில்லையே என்று வருந்தவும் வேண்டாம்.

தூக்கத்தைத்தான் நான் சாதாரணமாக விடமாட்டேன். நைட் ஷிப்ட் முடிந்த கையோடு உட்கார்ந்தால் கண் சொருகத்தான் செய்யும், முதலில் தூங்குங்கள். 7 மணி நேரம் தூங்கியும் அசத்துகிறதா? பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டில் கேளுங்கள். ஆமாம் என்றால் அது தூக்கத்தில் மூச்சுத்தடையாக இருக்கலாம். பிரஷரையும் அது ஏற்றும். காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பார்த்து, தூக்கப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.