அடுத்து எதைப் படிக்கலாம்? ஒரு பழைய நூலகரிடம் சில கேள்விகள்

கிளை நூலகத்தில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். "நல்ல புக்கா ஒண்ணு குடுங்க சார்" என்று கேட்காத வாசகர் கிடையாது. இப்போதும் அதே கேள்விதான் வருகிறது, வாட்ஸ்அப்பில் வருகிறது என்பதுதான் வித்தியாசம். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஒரு வேண்டுகோள்: மர்மம் வேண்டும், சரித்திரம் வேண்டும் என்று வகையைச் சொல்வதைவிட, போன புத்தகத்தில் உங்களைப் பிடித்து இழுத்தது எது என்று சொல்லுங்கள். பதில் சரியாக அமையும்.

கோவை, கல்லூரி மாணவி: பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் முடிச்சுட்டேன் சார். அதுக்கப்புறம் எதை எடுத்தாலும் சப்புன்னு இருக்கு. சாண்டில்யன் படிக்கலாமா?

தாராளமாக. 'கடல் புறா', 'யவன ராணி' இரண்டும் வேகமாக ஓடும். வர்ணனை நீளும் இடங்களில் நாலு பக்கம் தள்ளினாலும் கதை கெடாது, குற்ற உணர்ச்சி வேண்டாம்.

ஆனால் கல்கியிடம் உங்களுக்குப் பிடித்தது வந்தியத்தேவனின் குறும்பா, ஆதித்த கரிகாலன் கொலையில் விழுந்த முடிச்சா? குறும்பு என்றால் தேவனின் 'துப்பறியும் சாம்பு'வுக்குப் போங்கள். முடிச்சு என்றால் நாவலை வைத்துவிட்டு வரலாற்றுக்குள் நுழையுங்கள். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் உடையார்குடிக் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய சொந்தபந்தங்களின் நிலபுலன் வரைக்கும் பறிமுதல் பேசுகிறது அது. திருப்புறம்பயம் பள்ளிப்படையில் (அரசர் சமாதிமேல் எழுப்பிய கோயில்) சதி பேசுகிறானே ரவிதாசன், அவன் கல்கி உண்டாக்கிய ஆள் இல்லை. கல்லிலிருந்து எழுந்து வந்தவன். தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் வரலாறு' தமிழிலேயே எழுதப்பட்டது. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. முதலில் பண்டாரத்தார். சாஸ்திரியை மெதுவாக வைத்துக்கொள்ளலாம்.

சேலம், லாரி புக்கிங் ஆபீஸ்: ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், சுஜாதா எல்லாம் முடிஞ்சுது அண்ணே. க்ரைம்ல இன்னும் என்ன மிச்சம்?

முன்னாலும் இருக்கிறது, பக்கவாட்டிலும் இருக்கிறது தம்பி.

முன்னால் என்றால் நூறு வருடத்துக்கு முன்னால். ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908இல் வந்தது. துப்பறியும் கோவிந்தன் அதில்தான் வருகிறார். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகளைத் தழுவி, ஊர் பேர் மாற்றி நாவல் நாவலாக எழுதிக் குவித்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'கும்பகோணம் வக்கீல்' கதைதான் 1950இல் 'திகம்பர சாமியார்' படமாக வந்தது. நடை இழுவைதான், மறைக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்து வக்கீல், சப் இன்ஸ்பெக்டர், மைனர், ரயில் பயணம் எல்லாவற்றையும் உள்ளே நின்று பார்க்கலாம்.

பக்கவாட்டில் என்றால் பூமணியின் 'வெக்கை' (1982). கொலை யார் செய்தது என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்: பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம். கையை வெட்டத்தான் போனான், ஆள் போய்விட்டது. அதற்குப் பிறகு அப்பனும் மகனும் எட்டு நாள் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிவதுதான் கதை. போலீஸ் துரத்தும் காட்சியெல்லாம் அதிகம் இல்லை. எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைச் சுட்டுத் தின்னலாம், எந்தப் பாறை இடுக்கில் படுக்கலாம் என்பதைப் படிக்கிற நமக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். 'அசுரன்' பார்த்திருந்தாலும் படியுங்கள். படத்தின் சத்தம் புத்தகத்தில் கிடையாது.

ஓசூர், தொழிற்சாலை ஊழியர்: கதைகள்ல யாரும் வேலைக்கே போறதில்ல. எல்லாரும் காதலிக்கிறாங்க, இல்லேன்னா தத்துவம் பேசுறாங்க. வேலை செய்ற ஜனங்களைப் பத்தி நாவல் இருக்கா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருந்தேன். ராஜம் கிருஷ்ணன்.

மின்பொறியாளரான கணவரோடு நீலகிரியில் இருந்த காலத்தில் படகர் வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்து 'குறிஞ்சித்தேன்' எழுதினார். அப்புறம் அதுவே அவர் பழக்கமாகிவிட்டது. எதை எழுத வேண்டுமோ அந்த ஊருக்குப் போவது, அந்த ஜனங்களோடு பேசுவது, பிறகுதான் பேனாவை எடுப்பது. மீனவர்களைப் பற்றி 'அலைவாய்க்கரையில்'. சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளைக்காரர்களைப் பற்றிக்கூட ஒரு நாவல், 'முள்ளும் மலர்ந்தது'. நீங்கள் தொடங்க வேண்டியது 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளம். வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை. பாத்தித் தண்ணீரிலும் உப்பிலும் பட்டுக் கீழிருந்தும் கண்ணில் அடிக்கிறது. காலில் வெடிப்பு, வெடிப்பில் உப்பு. கணக்குப்பிள்ளை யாரைப் பார்த்துக் கூலி போடுவான், யாரை எதற்காகத் தனியே கூப்பிடுவான் என்பதெல்லாம் கோஷம் இல்லாமல் வரும். சில இடங்களில் அவர் பாத்திரங்கள் கட்டுரை மாதிரிப் பேசும் என்று விமர்சகர்கள் சொல்வார்கள். உண்மைதான். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. 2009இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. அதனால் காசில்லாமலும் படிக்கலாம்.

கூடவே 'எரியும் பனிக்காடு'. வால்பாறை எஸ்டேட்டுகளில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 'ரெட் டீ' என்று 1969இல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழாக்கினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பனும் வள்ளியும் முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். அந்த முன்பணக் கணக்கு எப்படித் தீராமலே வளர்கிறது என்பதைப் பாருங்கள். டாக்டர் எழுதியதால் மலேரியாவும் பிரசவமும் வரும் பக்கங்கள் கொஞ்சம் கனமானவை. ராத்திரி படிக்க வேண்டாம்.

சினிமாவும் ஒரு தொழில்தானே என்றால் அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்'. ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர் அவர். நட்சத்திரங்களை விட்டுவிட்டு புரொடக்‌ஷன் மேனேஜர்களைப் பார்த்தார்.

திருச்சி: கிண்டிலா, காகிதமா?

எதில் எழுத்து பெரிதாகத் தெரிகிறதோ அது.

சென்னை, வங்கி அதிகாரி: சாகித்ய அகாதமி பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகப் படிக்கலாமா என்று பார்க்கிறேன்.

ஆசிரியர் பெயர்களுக்காக அந்தப் பட்டியலைப் பாருங்கள். புத்தகத்தின் பெயரை நம்பாதீர்கள். தி. ஜானகிராமனுக்கு 1979இல் விருது கிடைத்தது 'மோக முள்'ளுக்கு இல்லை, 'சக்தி வைத்தியம்' சிறுகதைத் தொகுப்புக்கு. அசோகமித்திரனுக்கு 1996இல் 'அப்பாவின் சிநேகிதர்'. 'தண்ணீர்', 'பதினெட்டாவது அட்சக்கோடு' இரண்டும் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டவை. சுந்தர ராமசாமிக்குக் கடைசிவரை கொடுக்கவே இல்லை.

ப. சிங்காரம் அந்தப் பட்டியல் பக்கமே வரவில்லை. சிங்கம்புணரிக்காரர். 1938இல், பதினெட்டு வயதில், இந்தோனேசியாவின் மெடான் நகருக்கு வேலைக்குப் போனார். அங்கே யுத்தத்தைப் பார்த்தார், ஜப்பான்காரன் வந்ததையும் போனதையும் பார்த்தார். திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை, ஒய்.எம்.சி.ஏ. அறையில் தனி வாழ்க்கை. எழுதியது இரண்டே நாவல். 'கடலுக்கு அப்பால்' கலைமகள் போட்டியில் பரிசு பெற்றது. 'புயலிலே ஒரு தோணி' பதிப்பாளருக்காகக் காத்துக் கிடந்து 1972இல் வந்தது, வந்த வேகத்தில் மறக்கப்பட்டது. பிறகு வாசகர்களாகத்தான் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குக் கொடுத்து அதைத் தூக்கி நிறுத்தினார்கள். பாண்டியன் என்ற இளைஞன் மெடான் தெருவிலும் பினாங்கிலும் நடக்கும்போது அவன் மனசுக்குள் மதுரையின் வீதிகள் ஓடிக்கொண்டே இருக்கும். செட்டித்தெரு வட்டிக்கடை, ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம்) முகாம், சங்கப் பாட்டைக் கேலி செய்யும் குடிப் பேச்சு எல்லாம் ஒரே பாராவில் வரும். முதல் நாற்பது பக்கம் தலை சுற்றும். சுற்றட்டும், விடாதீர்கள்.

நாகர்கோவில்: சுந்தர ராமசாமி எங்க ஊர்க்காரர்னு சொல்லி 'ஜே.ஜே: சில குறிப்புகள்' எடுத்தேன். பாதியில நிக்குது.

உங்கள் தப்பில்லை. அது இருந்திராத ஒரு மலையாள எழுத்தாளனைப் பற்றிய நாவல். நூலகத்தில் என்னிடமே "ஜே.ஜே. எழுதின புக் ஏதாவது இருக்கா" என்று கேட்டவர்கள் உண்டு. 'ஒரு புளியமரத்தின் கதை'யை முதலில் படியுங்கள். உங்கள் ஊர் முனிசிபாலிட்டி அரசியல், கடைவீதி, தாமோதர ஆசான் என்று சிரித்துக்கொண்டே போகும். அதன் பிறகு ஜே.ஜே. தானாகத் திறந்துகொள்ளும், திறக்காவிட்டாலும் நஷ்டமில்லை.

பெங்களூரு, மென்பொருள் துறை: ஈழத்து எழுத்து என்றாலே போர் நாவல்தானா? வேறு ஒன்றும் இல்லையா?

போருக்கு முன்னும் அங்கே ஜனங்கள் வாழ்ந்தார்களே அம்மா. எஸ்.பொ. என்கிற எஸ். பொன்னுத்துரையின் 'சடங்கு' படியுங்கள். கொழும்பில் வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தா, மனைவியைப் பார்க்க யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறுகிறார். வீட்டில் ஆட்கள், பிள்ளைகள், மாமியார். புருஷனும் பெண்சாதியும் தனியாக இருக்க நேரம் வாய்க்கவே மாட்டேன் என்கிறது. மொத்த நாவலும் இவ்வளவுதான். சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். சாதியை நேரடியாகப் பேச வேண்டுமென்றால் கே. டேனியலின் 'பஞ்சமர்'. தேயிலைத் தோட்டத்து மலையகம் என்றால் தெளிவத்தை ஜோசப். அ. முத்துலிங்கம் கொக்குவிலில் பிறந்து ஆப்பிரிக்கா வரை வேலை பார்த்துக் கனடாவில் குடியிருப்பவர். அவர் சிறுகதைகளில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் உள்ளே இழுத்துவிடுவார்.

யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததில் 90,000க்கு மேற்பட்ட நூல்கள் போயின. இன்று 'நூலகம்' என்ற பெயரிலேயே தன்னார்வலர்கள் நடத்தும் இணைய நூலகத்தில் ஈழத்துப் புத்தகங்களும் பத்திரிகைகளும் வருடி ஏற்றப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. கடையில் கிடைக்காதது அங்கே கிடைக்கும்.

மதுரை, ஆசிரியை: மொழிபெயர்ப்பு நாவல் வாங்கினால் பாதி நேரம் தமிழே புரியவில்லை. எப்படித் தேர்ந்தெடுப்பது?

அட்டையில் மொழிபெயர்த்தவர் பெயரைத் தேடுங்கள் டீச்சர். பொடி எழுத்தில் உள்ளே ஒளித்து வைத்திருந்தால் யோசிக்க வேண்டியதுதான். நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கிடைத்தால் அவர் கைபட்டதையெல்லாம் தேடிப் படிக்கலாம். வங்காளத்துக்கு த.நா. குமாரசாமி, சு. கிருஷ்ணமூர்த்தி. தாராசங்கர் பானர்ஜியின் 'ஆரோக்கிய நிகேதனம்' குமாரசாமி செய்தது. நாடி பிடித்தே மரணம் வரும் நேரத்தைச் சொல்லிவிடும் கிராமத்து வைத்தியர் ஜீவன் மசாய். ஊருக்குள் இங்கிலீஷ் மருந்தோடு ஒரு இளம் டாக்டர் வந்து இறங்குகிறார். யார் பக்கம் நிற்பது என்று நமக்கே தெரியாது. கிருஷ்ணமூர்த்தி கைவண்ணத்தில் 'நீலகண்டப் பறவையைத் தேடி'. தகழியின் 'செம்மீன்' சுந்தர ராமசாமி தமிழில். தேசியப் புத்தக நிறுவனம், சாகித்ய அகாதமி ஸ்டால்களில் அட்டை அழுது வடியும், விலையும் குறைவு. கண்காட்சிக்குப் போனால் முதலில் அங்கே நுழையுங்கள்.

பொள்ளாச்சி: பறவை, காடு பற்றித் தமிழில்?

மா. கிருஷ்ணன், 'மழைக்காலமும் குயிலோசையும்'. தொகுத்தவர் சு. தியடோர் பாஸ்கரன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் கிருஷ்ணன். இதைப் படித்த கையோடு பாஸ்கரனின் சொந்தக் கட்டுரைகளுக்குப் போய்விடுங்கள்.

தஞ்சாவூர்: அப்பாவுக்கு வயதாகிவிட்டது, கண் பார்வை மங்கல். நான்தான் தினமும் படித்துக் காட்ட வேண்டும். கதை வேண்டாம் என்கிறார்.

உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது, அதனால் அத்தியாயங்கள் சின்னவை; ஒரு உட்காரலுக்கு ஒன்று. வாய்விட்டுப் படிக்கவென்றே எழுதியது போல இருக்கும். உங்கள் பக்கத்து ஊர்களாகவே வேறு வரும்: உத்தமதானபுரம், திருவாவடுதுறை, கும்பகோணம்.

1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் ராமசாமி முதலியாரைச் சாமிநாதையர் பார்க்கப் போகும் அத்தியாயத்தை அவசரமில்லாமல் படியுங்கள். சாமிநாதையர் கல்லூரித் தமிழாசிரியர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டதும் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார். முதலியார் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. இவற்றால் என்ன பயன் என்கிறார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். பார்த்ததே இல்லை. அங்கிருந்து தொடங்குகிறது. பொருள் கேட்க ஒரு சமணர் வீட்டுக்குப் போனால், வாசலில் தோரணமும் கோலமும். என்ன விசேஷம் என்றால், அந்த வீட்டில் சிந்தாமணியைப் படித்து முடித்த நாள்! 1887இல் அவர் பதிப்பு வெளிவந்தது.

அவர் 1942இல் காலமானதால் நூல் பாதியில் நின்றுவிடும். அப்பாவிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; கடைசியில் கோபித்துக்கொள்வார்.

விழுப்புரம்: பத்து வயசுப் பையன், காமிக்ஸைத் தவிர எதையும் தொட மாட்டேங்குறான்.

அதனால் என்ன? முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு வந்தபோது நூலகத்தில் வரிசை கட்டி நின்ற பையன்களில் பலர் பின்னால் புதுமைப்பித்தனைக் கேட்டு வந்தார்கள். காமிக்ஸை நிறுத்தாதீர்கள். பக்கத்தில் வாண்டுமாமாவின் கதை ஒன்றைச் சும்மா போட்டு வையுங்கள், "படி" என்று சொல்லாமல். ஜப்பானில் ரயில் பெட்டியில் நடந்த பள்ளிக்கூடத்தைப் பற்றிய 'டோட்டோ சான்' தேசியப் புத்தக நிறுவன வெளியீடாகத் தமிழில் இருக்கிறது, அதையும். சனிக்கிழமை அவனைக் கிளை நூலகத்துக்குக் கூட்டிப்போய் அவன் பெயரிலேயே உறுப்பினர் அட்டை போடுங்கள். எந்த அலமாரிக்குப் போகிறான் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.