ஐந்து வயது மகனோடு விளையாட ஸ்விட்ச் லைட் போதுமா?

வணக்கம் அண்ணா. வேலை முடிந்து வந்து மகனோடு டிவியில் விளையாட நின்டெண்டோ ஸ்விட்ச் லைட் கேம் கருவி எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். லைட் வேண்டாம். அதை டிவியில் இணைக்க முடியாது, கன்ட்ரோலரும் கழற்ற வராது. சாதாரண ஸ்விட்சையே எடுங்கள். இரு பக்கமும் இருக்கும் ஜாய்கான் என்ற சின்னக் கன்ட்ரோலர்களைக் கழற்றி ஆளுக்கொன்றாகப் பிடிக்கலாம்.

முதலில் மரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்ற கார் பந்தய கேமை வாங்குங்கள். அதில் ஸ்மார்ட் ஸ்டியரிங் வசதியைப் போட்டுவிட்டால் வண்டி பாதையை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ளும். என் மகள் அப்படித்தான் பழகினாள், வளைவு வந்தால் உடம்பையும் சேர்த்துச் சாய்ப்பாள்!

அப்புறம், கொழும்பில் பம்பலப்பிட்டிப் பக்கம் பழைய ஸ்விட்ச் பார்த்தால், கடையிலேயே செட்டிங்ஸில் ஸ்டிக் கேலிப்ரேஷன் (கன்ட்ரோலர் குச்சியைச் சரிபார்க்கும்) திரையைத் திறந்து, கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். திரையில் புள்ளி தானாக நகர்ந்தால் குச்சி பழுது, எடுக்காதீர்கள். எனக்கு அப்படி ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள். விளையாடும்போது மகனுக்கு ஜாய்கானின் கைப்பட்டியைக் கட்டாயம் மாட்டிவிடுங்கள்.